நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை

பேய் என்றால் நடுராத்திரி, மழை, கரண்ட் கட் எல்லாம் கூடவே வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்கவும். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு. வெளியே கண் கூசுகிற வெயில். கரண்ட் நன்றாகவே இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். காய்ச்சல் இல்லை. குடிக்கிற பழக்கமும் இல்லை. கதை கட்டத் தெரிந்தவனாக இருந்தால் இதைவிடப் பொருத்தமான நேரமாகப் பார்த்து வைத்திருப்பேன். நேரங்களை அன்றே ஒரு தாளில் குறித்து வைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது நான் போட்ட ஒரு ஃபேன்.

எங்கள் கம்பெனியின் வேலை, தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் காவல் இருப்பது. அவர்கள் கழுத்தில் ஒரு பட்டன் தொங்கும். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அதை அழுத்த வேண்டும். வீட்டில் இருக்கும் பெட்டி எங்களுக்குத் தகவல் அனுப்பும். முதல் மாடியில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் திரையில் சிவப்பு விளக்கு எரியும். அவர்கள் அந்தப் பெட்டி வழியாகவே பேசி, தேவையென்றால் ஆம்புலன்ஸ் அனுப்புவார்கள். இந்தத் தகவல்கள் எல்லாம் பேஸ்மென்டில் இருக்கும் கேட்வே என்ற ஒரே சாதனத்தின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அந்தக் கேட்வேக்குக் காவல் நான்.

அந்தப் புதன்கிழமை காலை என் அறையில் ஏசி வேலை செய்யவில்லை. வீட்டிலிருந்து ஒரு டேபிள் ஃபேன் கொண்டு போயிருந்தேன். செருக இடம் இல்லை. மேஜைக்கு அடியில் கையை விட்டு, ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கி, ஃபேனைச் செருகினேன். நான் பிடுங்கியது கேட்வேயின் பிளக். அதில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். ‘இதைப் பிடுங்குகிறவன் மனுஷனே இல்லை’ என்று சிவப்பு மையில், நானே என் கைப்பட எழுதியது. பெருக்க வருகிற அம்மாவை அந்தப் பிளக்குக்காக இரண்டு தடவை திட்டியும் இருக்கிறேன்.

அப்போது மணி 11:05. காற்று சுகமாக வந்தது. இன்று ஒரு புகார்கூட இல்லையே, என்ன நிம்மதி என்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கேட்வேயின் விளக்குகள் அணைந்து கிடப்பதை 11:52க்குத்தான் பார்த்தேன்.

நாற்பத்தேழு நிமிடம்.

மேலே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. ஆபத்து என்றால் திரையில் சிவப்பு. இல்லையென்றால் பச்சை. எந்தத் தகவலும் வந்து சேராவிட்டாலும் அதே பச்சைதான். யாரும் கூப்பிடவில்லை என்பதற்கும், கூப்பிட்டது வந்து சேரவில்லை என்பதற்கும் எங்கள் திரையில் வித்தியாசமே கிடையாது. ‘இன்னிக்கு எல்லாரும் சௌக்கியம் போல’ என்று டீ குடித்திருக்கிறார்கள்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிளக்கைச் செருகிவிட்டு நல்ல பிள்ளை போல உட்கார்ந்துகொண்டேன். ஆனால் கேட்வேக்கு என்னைப் போலப் பொய் சொல்ல வராது. நின்ற நேரம், எழுந்த நேரம் இரண்டையும் பதிந்து வைத்திருந்தது. வியாழக்கிழமை காலை அந்தப் பதிவை அச்செடுத்த காகிதம் மேனேஜர் கையில் இருந்தது.

“நாப்பத்தேழு நிமிஷம்.”

“சார், ரூம்ல ரொம்பப் புழுக்கம்...”

“அச்சச்சோ. ஐயாவுக்கு விசிற ஆள் வச்சிருக்கணும், மறந்துட்டேன்.” மேனேஜர் காகிதத்தை மடித்தார். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கீழ இருக்கற பழைய ஃபோன் லைன்ல ஒரு டயல்-அப் பேக்கப் போட்டு வை. மெயின் லைன் செத்தா, அது தானா டயல் பண்ணி எடுத்துக்கணும். இல்லன்னா திங்கக்கிழமை உன் ஃபேனைத் தூக்கிட்டுப் போயிடு.”

வேலை போனால் இன்னொரு வேலை. எனக்கு அதுவல்ல கவலை.

“சார்... அந்த நேரத்துல யாராச்சும் பட்டன் அழுத்தினாங்களா?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அதை வக்கீல் பாத்துக்குவாரு.”

வக்கீலா! நான் கேட்டது ஆமாவா இல்லையா என்று. அதற்கு எதற்கு வக்கீல்?

வெள்ளிக்கிழமை மாடிக்குப் போனேன். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. “வந்துட்டாருப்பா ஃபேன்” என்றார் சூப்பர்வைசர் அக்கா. அந்தப் பட்டப்பெயரை எனக்கு வைத்ததே அவர்தான். என்னைப் பற்றி மேனேஜரிடம் அதிகம் கொதித்ததும் அவர்தான் என்று கேள்விப்பட்டேன். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

“கீழ போய் உன் வேலையைப் பாரு. செஞ்சதையும் செஞ்சுட்டு விசாரணைக்கு வேற வந்துட்டான்.”

வீடுகளில் பெட்டி மாட்டுவதும் கழற்றுவதும் ஃபிட்டரின் வேலை. அந்த ஃபிட்டர் என் மனைவியின் அண்ணன். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவருக்குத் தெரியாமல் இருக்காது. படிக்கட்டில் மடக்கிக் கேட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

“மச்சான்கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன்” என்று மனைவியிடம் சொன்னேன். “பதிலே சொல்லல.”

“அப்ப ஏதோ நடந்திருக்கு” என்றாள். ஆறுதல் சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூன்று இரவுகள் தூங்கவில்லை. கண்ணை மூடினால் யாரோ ஒரு வயதானவர் தரையில் கிடந்து பட்டனை அழுத்துகிறார். இங்கே நான் காற்று வாங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் 1:30.

கட்டடத்தில் மூன்றே பேர். மேலே சூப்பர்வைசர் அக்காவும், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும். கீழே நான்.

பழைய மோடம் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். சோப்பு டப்பா அளவு. முன்னால் ஒரு வரிசைச் சிவப்பு விளக்குகள். உள்ளே சின்ன ஸ்பீக்கர். அது டயல் செய்யும்போது லைனில் கேட்கிற சத்தமெல்லாம் நமக்கும் கேட்கும். அந்தப் பக்கம் எடுத்து, இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொண்டதும் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும்.

1:41. சுவரில் இருந்த பழைய லைனை மோடத்தில் செருகினேன். லைனுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, மோடத்தின் பின்பக்கம் ஒரு பழைய டெலிபோனையும் மாட்டினேன். காதில் வைத்தேன். ‘ஊ...’ என்றது. நல்ல சத்தம்.

1:50. கேட்வேயிடம் மூன்று கட்டளைகள் சொன்னேன். மெயின் லைன் முப்பது விநாடி பேசாமல் இருந்தால் டயல் செய். இரண்டு நிமிடம் வேலை இல்லையென்றால் வைத்துவிடு. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எடுக்காதே.

1:54. கையால் ஒரு தடவை டயல் செய்ய வைத்துப் பார்த்தேன். டுட் டுட் டுட்... கீ... ஈ... ங்... ஷ்ஷ்ஷ்ஷ். கிடைத்துவிட்டது. இரண்டு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, சொன்னபடி தானாக வைத்தது. ஆளில்லாத அறையில் எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

2:01. டெலிபோன் மணி அடித்தது.

இந்த எண் யாருக்கும் தெரியாது. வருடக்கணக்காக இந்தச் சுவரில் எதுவுமே மாட்டப்படவில்லை. ராங் நம்பர் என்று விட்டுவிட்டேன். மூன்று தடவை அடித்து நின்றது. திரையில் ‘ரிங், ரிங், ரிங்’ என்று மூன்று வரிகள் நின்றன.

2:05. மறுபடி. மூன்று தடவை.

சிரித்துக்கொண்டேன். யாரோ காதலியின் எண்ணைத் தப்பாகக் குறித்திருக்கிறான், பாவம்.

2:09. மறுபடி.

சிரிப்பு நின்றது. ஒன்று, ஐந்து, ஒன்பது... சரியாக நான்கு நிமிடம். மனிதர்கள் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிற ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும். நாங்கள் வீடுகளில் மாட்டுகிற பெட்டி. அதுவும் பழைய வகைப் பெட்டி. நெட்வொர்க் கிடைக்காவிட்டால் அது வீட்டு ஃபோன் வழியாக இந்த லைனைக் கூப்பிடும். மூன்று மணி அடித்துப் பார்க்கும். எடுக்காவிட்டால் நான்கு நிமிடம் கழித்து மறுபடி. பதினொரு தடவை முயன்றுவிட்டு, கைவிட்டுவிடும். அந்தக் காலத்தில் இந்த முனையில் அழைப்பை வாங்க ஓர் இயந்திரம் இருந்தது. புது நெட்வொர்க் வந்ததும் அதைக் கழற்றிவிட்டார்கள். பெட்டிகளிடம் யாரும் சொல்லவில்லை.

இன்டர்காமில் மேலே கூப்பிட்டேன்.

“அக்கா, பழைய பெட்டி இன்னும் எத்தனை வீட்டுல இருக்கு?”

“எதுக்கு?”

“சும்மா. செட்டிங்குக்கு.”

“ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் வெள்ளிக்கிழமை கழட்டியாச்சு.”

“யார் வீட்டுது?”



“ஆறு மணிக்குள்ள முடிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்.” வைத்துவிட்டார்.

கழற்றிய பெட்டிகள் பக்கத்து ஸ்டோர் ரூமுக்கு வரும். என் அறையிலிருந்து பத்தடி. போய்ப் பார்த்தேன். அலமாரியின் நடுத் தட்டில் ஒரே ஒரு பழைய பெட்டி. வயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. பேட்டரியைத் தனியே எடுத்து மேலே டேப் போட்டு ஒட்டியிருந்தார் மச்சான். அவர் வேலை எப்போதும் சுத்தம். பக்கவாட்டில் வாடிக்கையாளர் எண்.

அந்த எண் எனக்குத் தெரியும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹெட்மாஸ்டர்.

அது நாங்கள் வைத்த பெயர். ரிட்டயரான ஹெட்மாஸ்டர்தான். வாரத்துக்கு நாலு தடவை, ஒன்றுமே இல்லாமல் பட்டனை அழுத்துவார். எடுத்ததும், “இருபத்திரண்டு செகண்டு! நான் செத்திருந்தா?” என்பார். பட்டனை அழுத்திய கையோடு வாய்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவாராம். ஒண்ணு, ரெண்டு, மூணு. வருகைப்பதிவு எடுக்கிற குரல். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, மாதா மாதம் புகார் அனுப்புவார். ஒரு தடவை அந்தப் புகாருக்குப் பதில் சொல்ல என்னை மாட்டிவிட்டார்கள். பத்து நிமிடம் வறுத்தெடுத்தார். கடைசியில், “சரி, நாளைக்கும் நீதான் பேசுவியா?” என்று கேட்டார். இல்லை சார் என்றேன். “ஓ” என்றார். அந்த ‘ஓ’ எனக்கு ரொம்ப நாள் காதிலேயே இருந்தது.

ஹெட்மாஸ்டர் வீட்டுப் பெட்டியை ஏன் கழற்ற வேண்டும்?

கையில் எடுத்தேன். லேசாகச் சூடாக இருந்தது... டீ குடித்து மேஜையில் வைத்த டம்ளர் அளவுக்கு. வெயில் படாத அறை அது.

மணி 2:13.

கட்டை விரலுக்குக் கீழே, பெட்டிக்குள், ‘டிக்’ என்றது.

ஒரு விநாடி.

பக்கத்து அறையில் டெலிபோன் அடித்தது.

பெட்டியை வைத்தேனா போட்டேனா, தெரியாது. என் அறைக்குள் வந்து நின்றேன். மூன்றாவது மணி அடித்து ஓய்ந்தது. இந்த இடத்தில் புத்தியுள்ளவன் வீட்டுக்கு ஓடியிருப்பான். ஆனால் 2:15க்கு மெயின் கேபிளைப் பிடுங்கிப் பரிசோதனை செய்கிறேன் என்று மேலே எழுதிக் கொடுத்திருந்தேன். பத்து நிமிட அனுமதி. அந்தப் பத்து நிமிடமும் அவர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் ஃபோனில் கூப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. அதையும் சொதப்பினால்...

2:15. கேபிளைப் பிடுங்கினேன். முப்பது விநாடி. மோடம் விழித்தது. டுட் டுட் டுட்... கீ... ஷ்ஷ்ஷ். பிடித்துக்கொண்டது. விளக்குகள் எரிந்தன. ஸ்பீக்கர் அடங்கியது.

பேக்கப் வேலை செய்கிறது.

நிம்மதியாகவும் இருந்தது. லைன் இப்போது மோடத்தின் கையில். பிஸி. இன்னொரு அழைப்பு உள்ளே வர வழியே இல்லை. வர முடியாது.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

2:16.

2:17.

மணி அடித்தது.

திரையில் இணைப்பு அப்படியே இருக்கிறது. தகவல் போய்க்கொண்டிருக்கிறது. அதே லைனில்... மணி.

ஒன்று.

இரண்டு.

எடுத்துவிட்டேன்.

மோடத்தின் இரைச்சல் காதைக் கிழித்திருக்க வேண்டும். இல்லை. சுத்தமான அமைதி. அதற்குள் ஒரு குரல்.

“...மூணு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தொண்ணு...”

வறண்ட குரல். வருகைப்பதிவு எடுக்கிற குரல்.

“...மூணு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திரெண்டு...”

என் கண் கடிகாரத்தின் விநாடி முள் மேல் இருந்தது. ஒரு துடிப்புக்கு ஓர் எண். அத்தனை நீள எண்ணை ஒரு விநாடிக்குள் யாராலும் சொல்ல முடியாது. நீங்களே சொல்லிப் பாருங்கள். அவர் சொன்னார்... அவசரமே இல்லாமல்.

“சார்...”

எண்ணுவது நின்றது.

“சார், நான்தான் சார். ஃபேன் போட்டது நான்தான். தெரியாம... மன்னிச்சிடுங்க சார்.”

“நீ யாரு?”

கோபம்கூட இல்லை. குறுக்கே வந்த பையனைத் தள்ளி நிறுத்துகிற குரல்.

“நான்... நெட்வொர்க்...”

“மேல இருக்கறவளைக் கூப்பிடு.”

அவ்வளவுதான். விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கை மறுபடி தொடங்கியது.

ரிசீவரை வைத்தேன்.

வைத்த பிறகும் கேட்டது. மோடத்தின் ஸ்பீக்கரிலிருந்து. இணைப்பு கிடைத்ததும் வாயை மூடிக்கொள்ளும் ஸ்பீக்கர்.

அந்தக் கலவரத்திலும் மெயின் கேபிளைத் திரும்பச் செருகிவிட்டுத்தான் ஓடினேன். ஒரு தடவை பட்டது போதும்.

2:20. மேல் மாடி. எல்லாத் திரைகளிலும் பச்சை. ஜன்னல் வழியாக வெயில். சூப்பர்வைசர் அக்கா என்னைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்தார்.

“என்ன ஃபேன், மறுபடி எதைப் பிடுங்கினே?”

“அக்கா... ஹெட்மாஸ்டர் லைன்ல இருக்காரு. உங்களைக் கூப்பிடச் சொல்றாரு.”

உனக்குப் பைத்தியமா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. முகத்தில் ரத்தம் இல்லை.

“யாருடா சொன்னது உனக்கு?”

“எதை அக்கா?”

“யார் சொன்னது? உன் மச்சானா? சொல்லுடா!” என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

2:21.

அவர் மேஜையில் இருந்த ஃபோன் அடித்தது. புதிதாகச் சேர்ந்த பெண் பழக்கத்தில் கையை நீட்டினாள்.

“எடுக்காத!”

அந்தக் கத்தலை நான் மறக்க மாட்டேன். அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நின்றது.

அக்கா ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். பையை எடுத்தார். படியிறங்கிப் போனார். அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் அவரை யாரும் பார்க்கவில்லை.

மேனேஜருக்கு ஃபோன் செய்தேன். அக்கா பாதியில் போய்விட்டார் என்றேன். “பேக்கப் வேலை செய்யுதா?” என்றார். செய்கிறது என்றேன். “அப்ப வீட்டுக்குப் போ. மேல என்ன நடந்தாலும் உனக்குச் சம்பந்தமில்ல.” வேறு ஆள் வரும்வரை அந்தப் புதுப் பெண்ணுக்குத் துணையாக மேலேயே உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், துணை தேவைப்பட்டது எனக்குத்தான். ஃபோன் மறுபடி அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். குரல் சொன்ன எண்ணை அறுபதால் வகுத்தேன். மறுபடி அறுபதால். தொண்ணூற்றொன்பது மணி நேரம், ஒன்பது நிமிடம். ஞாயிறு பகல் 2:17லிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே போனேன். சனி, வெள்ளி, வியாழன்...

புதன்கிழமை காலை 11:08.

என் ஃபேன் ஓட ஆரம்பித்து மூன்றாவது நிமிடம். அப்போது அழுத்தியிருக்கிறார். எண்ண ஆரம்பித்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை.

பென்சிலைக் கீழே வைத்தேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். ஃபோனை எடுத்துத் தன் அண்ணனைக் கூப்பிட்டு, “இப்பவே வா” என்றாள்.

மச்சான் வந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

“உக்காருங்க மச்சான்.”

“உக்கார வரல.” சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

“சொல்லுண்ணா” என்றாள் மனைவி. “சொல்லாம எந்திரிச்சே, இனிமே இந்த வீட்டு வாசப்படி ஏறாத.”

“வெளிய பேசக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்கடி.”

“இது வெளிய இல்ல. வீடு. அவரைப் பாரு. நாலு நாளா மனுஷன் தூங்கல.”

மச்சான் என்னைப் பார்த்தார். வியாழக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தார்.

“ஒரு தடவைதான் சொல்வேன் மாப்ள. உன் ஃபேனால யாரும் சாகல.”

எனக்கு மூச்சு வந்தது. பிறகுதான் அதுவரை வராமல் இருந்தது தெரிந்தது.

“ஹெட்மாஸ்டர் செத்தது செவ்வாய்க்கிழமை. நீ ஃபேன் போட்டதுக்கு முந்தின நாள். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு பட்டனை அழுத்தியிருக்காரு. மேல உடனே எடுத்துட்டாங்க. ஆறே செகண்டு. உன் சூப்பர்வைசர்தான் எடுத்தது. வழக்கம்போல சும்மா அழுத்துறாருன்னு நெனச்சுட்டா. ‘ஆறு செகண்டு சார், எழுதிக்குங்க’ன்னு சிரிச்சுட்டு வச்சுட்டா. அவர் பேச முயற்சி பண்ணது ரெக்கார்டிங்ல இருக்கு. நான் கேட்டேன்.” குனிந்து ஷூ லேஸை இறுக்கினார். “அதை மறைக்கத்தான் உன் நாப்பத்தேழு நிமிஷத்தைப் பெருசாக்கினாங்க. செத்த நாளையே புதன்கிழமைன்னு எழுதப் பாத்தாங்க. டாக்டர் சீட்டு ஒத்துக்கல.”

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் தாளை அவர் பக்கம் தள்ளவில்லை. அதைப் பற்றிச் சொல்லவும் இல்லை. கேட்டேன்.

“அப்ப புதன்கிழமை? அன்னிக்கு யாரும் அழுத்தலையா மச்சான்?”



“பெட்டியைக் கழட்டும்போது அதோட மெமரியைப் பாத்தேன். புதன்கிழமை பதினொண்ணு எட்டுக்கு அந்தப் பட்டனை அழுத்தியிருக்கு. அப்புறம் உன் ரூம் லைனுக்கு நாலு நிமிஷத்துக்கு ஒண்ணா பதினொரு கால்.”

“யாரு அழுத்தினது?”

“பக்கத்து வீட்டுக்காரங்க பாத்துச் சொல்லி, புதன்கிழமை காலைல எட்டு மணிக்கே உடம்பை எடுத்தாச்சு. ஒன்பதரைக்கு போலீஸ் வீட்டைப் பூட்டி சாவியைக் கொண்டுபோயிட்டாங்க. உள்ள ஆள் இல்ல.”

“பட்டன்?”

“அவர் கழுத்துல” என்றார் மச்சான். “கழட்டல. அப்படியே மார்ச்சுவரிக்குள்ள வச்சுட்டாங்க. அந்தப் பட்டன் பெட்டிலேர்ந்து நாப்பது மீட்டருக்கு மேல வேலை செய்யாது, மாப்ள. மார்ச்சுவரி அந்த வீட்டுலேர்ந்து ஒன்பது கிலோமீட்டர்.”